லஞ்சம் வாங்கிய சாட்சி

நெடுந்தீவு எப்படி என்று என்னிடம் நடுநிலையான கருத்து எதுவும் கேட்காதீர்கள். அங்கே எனக்கு ஒடியல் கூழ் கொடுத்துவிட்டார்கள். லஞ்சம் வாங்கிய சாட்சி நான்.

யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் குறிகட்டுவான் துறைக்குப் போய், அங்கிருந்து ஒரு மணி நேரம் படகு. படகு ஆடிய ஆட்டத்தில், காலையில் தின்ற இடியப்பம் பாதிக் கடலிலேயே இறங்கிக்கொள்ளப் பார்த்தது. கரை ஏறினால் மண்டையைப் பிளக்கும் வெயில். பவளக் கற்களால் கட்டிய கோட்டையில் சுவர்கள்தான் மிச்சம். பொந்து விழுந்த பெருக்க மரத்துக்குள் புகுந்து நின்று படம் எடுத்துக்கொண்டேன். ஊருக்கே பேர் வாங்கித் தந்த கட்டாக்காலிக் குதிரைகள் என்னைக் கண்டதும் முதுகைக் காட்டி நின்றன. அதுவரை என் மதிப்பெண், பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் கீழே.

மதியம் ஆனதும், என்னைச் சுற்றிக் காட்டிய ஓட்டோக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தினார். அவருடைய அம்மா எட்டிப் பார்த்தார்.

“இந்தியாவிலயிருந்தோ வந்தனீங்கள்? இருங்கோ தம்பி, கூழ் காய்ச்சினனான்.”

“வேண்டாம்மா, வயிறு சரியில்லை. சாப்பாடு இறங்காது.”

“கூழ் சாப்பாடில்லையே, குடிக்கிறதுதானே!”

இதற்கு மேல்முறையீடு கிடையாது. பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றினார். விளிம்பில் ஒரு நண்டுக்கால் எட்டிப் பார்த்தது. உள்ளே மீன், இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவு. செத்தல் மிளகாயின் உறைப்பில் என் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. பிள்ளைக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்று முடிவுகட்டிய அம்மா, ஆறுதலுக்கு இன்னொரு பிளா ஊற்றினார். பிறகு, சென்னைத் தொடர் ஒன்றின் கதாநாயகியை மாமியார் இன்னமும் அழவைக்கிறாளோ என்று விசாரித்தார், நான் ஏதோ பக்கத்து வீட்டில் குடியிருப்பவன் போல. அழுதுகொண்டுதான் இருக்கிறாள் என்றேன். பொய்யாக இருக்க வாய்ப்பில்லை.

துறையில் இறக்கிவிட்ட மகன், பேசிய கூலிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அத்தோடு என் தீர்ப்பு தலைகீழ். மண்டையைப் பிளந்த வெயில், படம் எடுக்க வாகான வெளிச்சமாகிவிட்டது. குதிரைகள் கூச்ச சுபாவம் உள்ளவை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

இதற்கு நேர்மாறாக வேறொரு பெரிய நகரம். உலகமே வாய்பிளக்கும் அரண்மனை அங்கே இருக்கிறது. அறைச் சாவி கேட்டதற்கு விடுதி ஊழியர் ஒருவர் என்மேல் எரிந்து விழுந்தார். அந்த அரண்மனைப் பளிங்கு எனக்கு இன்றைக்கும் அழுக்காகத்தான் தெரிகிறது. லட்சக்கணக்கான மக்களின் சார்பில் அவர் ஒருவரே வழக்கைத் தோற்றுவிட்டார். நியாயமில்லைதான், என்ன செய்ய, அந்த ஊரில் எனக்குக் கூழ் ஊற்ற ஆளில்லை.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள், திரும்புகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். காலைச் சாப்பாட்டை அரைவயிற்றோடு நிறுத்துங்கள்.