இந்த வாரம் யார் முறை

பலகையை எங்கள் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாம் மாடித் தம்பதி. நேற்று ராத்திரி சக்கரப் பெட்டிகள் தடதடவென்று இறங்கிய சத்தம் கேட்டது. வெயில் காயக் கனேரித் தீவுக்குப் போவதாக முந்தாநாளே சொல்லியிருந்தார்கள். நல்லபடியாகப் போகட்டும். ஆனால் இந்த வாரம் அவர்கள் முறை. காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால் பலகை எங்கள் கைப்பிடியில் தொங்குகிறது. படியில் அவர்கள் பூட்ஸ் மண் அப்படியே காய்ந்து கிடக்கிறது.

"ஸ்டுட்கார்ட்டில் ஒரு வருடம் குடும்பத்தோடு இருக்கிறாயே, வெளிநாட்டுக் குடித்தனம் எப்படி, கையில் ஏதாவது மிஞ்சுகிறதா, எழுதேன்" என்று பத்திரிகை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எழுதத்தான் உட்கார்ந்தேன். மிச்சம் பிடிப்பதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. முதலில் இந்தப் பலகையை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

பலகை பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு மரத்துண்டு, மாட்டுவதற்கு ஒரு கயிறு, மேலே ஜெர்மனில் 'கேர்வோஹே' என்று எழுத்து. பெருக்கும் வாரம். எந்த வீட்டுக் கதவில் அது தொங்குகிறதோ அந்த வீட்டார் பொதுப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். இது சின்ன முறை. பெரிய முறை என்று இன்னொன்று உண்டு. அதில் வாசல் நடைபாதை, முற்றம், குப்பைத் தொட்டிகள் நிற்கிற இடம், நிலவறைக்கு இறங்குகிற படி எல்லாம் அடக்கம். பனிக்காலத்தில் பனியும் அதே கணக்கில் சேரும். வேலை நாளில் காலை 7 மணிக்குள் நடைபாதையில் பனியைத் தள்ளி வழி விட்டிருக்க வேண்டும். மதுரைக்காரன் ஒருவன் இருட்டில் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்து இந்த ஊர் நாய்கள்கூடக் குரைப்பதில்லை. முறை போலிருக்கிறது என்று பேசாமல் போய்விடுகின்றன.

நம் ஊர் ஃப்ளாட் மாடிப்படியைப் பற்றி உங்களிடம் நான் என்ன சொல்ல? எங்கள் படியில் ஒரு கேட்பாரற்ற சைக்கிள், காய்ந்துபோன துளசித் தொட்டி, எந்தக் கல்யாணத்துக்கோ கட்டிய சீரியல் செட் எல்லாம் இன்னும் இருக்கின்றன. அவரவர் வாசலைப் பெருக்கி, தூசியை ஒரு படி கீழே இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாமெல்லாம் நிம்மதியாக இருக்கவில்லையா? கீழ் வீட்டுக்காரர் அதை இன்னும் ஒரு படி இறக்குவார். என்றைக்காவது ஒருநாள் அது தெருவுக்குப் போய்ச் சேரும். புவியீர்ப்பு விசைக்கு மாதச் சம்பளமும் கிடையாது, தீபாவளி போனஸும் கிடையாது.

இங்கே இந்த முறைக்கெல்லாம் யார் காரணம் என்று தேடிப் பார்த்தேன். தாடிக்காரர் எபர்ஹார்ட் என்ற சிற்றரசர் கையில் கிடைத்தார். 1492இல் வந்த நகரச் சட்டத்தில், அவரவர் சாணிக் குப்பையை அவரவரே வாரா வாரம் வெளியே கொண்டுபோக வேண்டும் என்றிருக்கிறது. அதே வருடம்தான் கொலம்பஸ் இந்தியாவுக்கு வழி தேடிக் கப்பல் ஏறினார். ஒருத்தர் கடல் கடந்து தேட, இன்னொருத்தர் வீட்டு மூலையில் தேடியிருக்கிறார். 1714இல் தெருச் சுத்தத்துக்கென்றே தனி ஆணை வந்தது. அப்புறம் மன்னர்கள் போனார்கள், இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, குண்டு விழுந்தது, விளக்குமாறு மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. ஒருவழியாக 1988இல் மாநகராட்சி தன் விதியிலிருந்து இதை நீக்கியது. அப்போது மேயர் மன்ஃப்ரெட் ரோமல். 'பாலைவன நரி' என்று பேர் வாங்கிய தளபதி ரோமலின் மகன். அப்பாவைப் பிரிட்டிஷ் படை மடக்கியது, மகனை விளக்குமாறு மடக்கிவிட்டது. சட்டத்திலிருந்து போனதை வீட்டுச் சொந்தக்காரர்கள் வாடகை ஒப்பந்தத்தில் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலும் அது இருக்கிறது.

சரியாகச் சொன்னால் கையெழுத்து மனைவியுடையது. வேலை அவளுக்குத்தான், ஒரு கார்க் கம்பெனியில். நான் சம்பளமில்லாத விடுப்பில் கூட வந்தவன். விசா காகிதத்தில் நான் 'குடும்பத்தினர்'. படிக்கட்டில் நான் ஒருவனே குடும்பம்.

பெருக்குவது கஷ்டமில்லை. பெருக்கியதாக நாலு பேரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். வியாழக்கிழமை பெருக்கினால் கணக்கில் வராது. வாரம் முடிவதற்குள் மறுபடி அழுக்காகிவிடுமாம். சனிக்கிழமைதான் உசிதம். அதிலும் மதியம் 1 முதல் 3 வரை எங்கள் கட்டட விதிப்படி ஓய்வு நேரம், சத்தம் கூடாது. சத்தமில்லாமல் பெருக்கலாமே என்பீர்கள். பெருக்கலாம், ஆனால் யாருக்குத் தெரியும்? வாளியை ஒவ்வொரு படியிலும் 'டங்' என்று வைத்தால்தான் மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கு வேலை நடப்பது உறைக்கும். இது என் கற்பனையில்லை. இந்தப் பக்கத்து ஸ்வாபிய மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிச் சிரிக்கிற விஷயம். சிரித்து முடித்துவிட்டு 'டங்' என்று வைக்கிறார்கள்.

மிதியடியைச் சுற்றிப் பெருக்கக்கூடாது, தூக்கிப் பெருக்க வேண்டும். தூக்கினால் மட்டும் போதாது, உதற வேண்டும். உதறுவது படியிலா, வெளியிலா? வெளியில் உதறினால் அது பெரிய முறைக்காரரின் எல்லை. அந்த வாரம் பெரிய முறை யாருக்கென்று பார்த்து, அவர் வீட்டுச் சன்னலில் திரை போட்டிருக்கிறதா என்று பார்த்து, பிறகு உதற வேண்டும். கைப்பிடிக் கம்பியை மேலே துடைத்தால் அடியிலும் துடைக்க வேண்டும். கடைசிப் படிக்கும் நிலவறைக் கதவுக்கும் நடுவே ஒரு முழ இடம் இருக்கிறது. அது சின்ன முறையா பெரிய முறையா என்பதில் மூன்று வீட்டாருக்கு மூன்று கருத்து. நான் இரண்டு முறையிலும் அதைப் பெருக்கிவிடுகிறேன். இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை அணிசேராமை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது வீண்போகவில்லை.

எல்லாம் முடிந்தபின் பலகையை அடுத்த கதவுக்கு மாற்ற வேண்டும். எப்போது? சனி சாயங்காலமே மாட்டினால் அவர்களை விரட்டுவதாக அர்த்தம். திங்கள் காலை வரை நம்மிடம் தொங்கினால் நாம் இன்னும் பெருக்கவில்லை என்று அர்த்தம். ஞாயிறு ராத்திரி, பத்து மணிக்கு முன்னால், அடுத்த வீட்டில் டிவி ஓடும்போது, சாக்ஸ் காலோடு போய்க் கதவில் இடிக்காமல் மாட்டிவிட்டு வர வேண்டும். மளிகைக் கடைப் பாக்கி வைத்திருந்த காலத்தில்கூட நான் இப்படிப் பதுங்கிப் போனதில்லை. "எதுக்குங்க ஒளியுறீங்க, பெல் அடிச்சுக் கையில குடுங்களேன்" என்கிறாள் மனைவி. கையில் கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது? ஒருமுறை நான் மாட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார். இரண்டு பேரும் பலகையைப் பார்த்தோம். அவர் "ஆ" என்றார். நானும் "ஆ" என்றேன். ஜெர்மன் மொழியில் நான் பிழையில்லாமல் நடத்திய உரையாடல் அது ஒன்றுதான்.

சேமிப்பு. மறக்கவில்லை, வருகிறேன்.

அம்மா மூன்று மாத விசாவில் வந்தபோது எனக்கு ஒரு துணை கிடைத்தது என்று நினைத்தேன். பெட்டியில் பருப்புப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே பழைய சேலையில் சுற்றி ஈர்க்கு விளக்குமாறு ஒன்று கொண்டுவந்திருந்தாள். மறுநாள் விடியுமுன் படியில் சரக்சரக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் முதல் மாடி அம்மையார் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார். ஓய்வுபெற்றவர், நான் துடைத்த கம்பியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் குட் மார்னிங் சொல்லுவார். அம்மா தமிழில் பேச, அவர் ஸ்வாபிய ஜெர்மனில் பேச, இரண்டு பேரும் ஒரு மூலையைக் காட்டித் தலையாட்டிக்கொண்டார்கள். பிறகு சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தார்கள்.

"இந்தம்மா சுத்தம்டா தம்பி. நம்ம தெருவுக்கு இப்படி ஒருத்தி இருந்தா போதும்" என்றாள் அம்மா.

மார்கழி பிறந்ததும் அம்மா வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டாள். அந்த வாரம் எங்கள் முறை. பெருக்கினால் அம்மா திட்டுவாள், பெருக்காவிட்டால் ஒப்பந்தம் திட்டும். முதல் மாடி அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். இதை விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பெருக்கு என்று எனக்குக் கையால் வரைந்து காட்டினார். படிக்கட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. மலைச்சரிவெல்லாம் தெருப் படிக்கட்டுகள்தான், 400க்கும் மேல். அவற்றையும் என் தலையில் கட்டாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

சனிக்கிழமையைத் தவறவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எதுவும் செய்ய முடியாது. ஞாயிறு ஓய்வு இங்கே அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது: 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தின் 139ஆம் பிரிவை, 1949இல் வந்த அடிப்படைச் சட்டம் தன் 140ஆம் பிரிவின் மூலம் அப்படியே சேர்த்துக்கொண்டது. கடை கிடையாது, துளை போடுவது கிடையாது, காலி பாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில் போடுவதும் கிடையாது. தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி ஓட்டலாமா? வக்கீலைக் கேட்டால் ஒன்றும் ஆகாது என்பார். என் மகளைக் கேட்டால் கூடாது என்பாள். இங்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து அவள் சட்டத்தின் பக்கம். சனி ராத்திரியே அரைத்து வைத்த சட்னியை ஞாயிறு காலை வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறோம்.

போன வாரம் எல்லா வீட்டாரும் கீழே கூடினோம். பெருக்கும் கம்பெனி ஒன்றுக்கு விட்டுவிட்டால் வீட்டுக்கு மாதம் இருபது யூரோ ஆகும், வாடகையோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று கனேரித் தீவுக்காரர் சொன்னார். நான் இரண்டு கையையும் தூக்கினேன். முதல் மாடி அம்மையார் முடியாது என்றார். அவரை நான் எதிர்பார்த்தேன். என் பக்கத்திலிருந்து வந்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டாயிரம் ரூபாயா? படிக்கட்டுக்கா? நீங்கதான் வீட்டுல இருக்கீங்களே" என்றாள் மனைவி.

"தண்டம். அதை எங்கிட்ட குடுங்க, நான் பெருக்கிட்டுப் போறேன்" என்றாள் அம்மா.

பெருக்குகிறாளா என்றால் இல்லை. வாளியில் தண்ணீர் பிடித்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஒரு மணிக்குள் இரண்டாம் மாடிக்காரர்களின் மண்ணையும் சேர்த்து நான் துடைத்தாக வேண்டும். அடுத்த மாதம் விசா முடிந்து அவள் ஊருக்குக் கிளம்புகிறாள். ஈர்க்கு விளக்குமாற்றை முதல் மாடி அம்மையாருக்குக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறாளாம். எனக்குக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"உனக்கு அந்தக் கடை பிளாஸ்டிக்கே அதிகம்டா."