சால்வைக்கு ஒரு சைகை

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டதென்றால் அண்ணாச்சி சேவைக்குக் கிளம்புகிறார் என்று அர்த்தம். இந்தத் தடவை கடல் கடந்த சேவை. 'இலங்கை செல்லும் காது கேளாதோரின் குரலே!' என்று அடித்திருக்கிறார்கள். படத்தில் அண்ணாச்சி கைபேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

பெயர் வேண்டாம். இவர் ஒரு ஆள் இல்லை, ஒரு வகை. ராஜபாளையத்தில் நாலு பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று பேர் தேறுவார்கள். ஏதாவது ஒரு சங்கத்தின் முன்னாள் தலைவர். மேலுதட்டை மூடிய மீசை, கழுத்தில் சால்வை. பேரன் பிறந்த நாளென்றால் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுவார். சாப்பாடு ஆறி அவலாகும்வரை பிள்ளைகளுக்கு முன்னால் பேசுவார். மைக்கில்.

கேட்காத காதுக்கு உரக்கச் சொன்னால் கேட்கும் என்பது அவர் கொள்கை. "சாப்ட்டியாப்பா?" என்று அவர் கேட்பது பக்கத்துத் தெருவில் சாப்பிடாதவர்களுக்கும் கேட்கும். எதிரே நிற்கிற பையன் மட்டும் மீசையையே பார்த்துக்கொண்டிருப்பான். உதடு தெரிந்தால்தானே படிக்க?

விசித்திரம் என்னவென்றால், இவர் வீட்டிலேயே காது கேளாத ஜீவன் ஒன்று உண்டு. 2005-ல் தபால்தலையில் ஏறிய ராஜபாளையம் இனத்து நாய். அந்தப் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அதன் அழகு, அதுதான் அதன் ஆபத்தும். நிறமி இல்லாமல் போகிற குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தம் நாய்க்குக் கேட்காது என்று தெரிந்த நாளிலிருந்து அண்ணாச்சி அதைக் கத்திக் கூப்பிட்டதே இல்லை. தரையில் காலால் ஒரு தட்டு தட்டுவார், அது திரும்பும். கையை நீட்டுவார், உட்காரும். உலகெங்கும் காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் அழைப்பதும் இப்படித்தான், தரையைத் தட்டி, விளக்கை அணைத்துப் போட்டு, தோளைத் தொட்டு. நாய்க்குக் காட்டுகிற இந்த மரியாதையை மனுஷருக்குக் காட்ட அண்ணாச்சிக்கு ஏனோ தோன்றவில்லை.

ஊருக்கும் கைப்பேச்சு புதிதல்ல. விசைத்தறிக் கொட்டடிச் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தொடும். அதற்குள் நின்றுகொண்டு டீக்கு வருகிறாயா, அறுந்த இழையைக் கவனி, சூப்பர்வைசர் வருகிறார் என்பதையெல்லாம் கையாலும் வாயசைப்பாலும்தான் சொல்ல முடியும். இங்கிலாந்தின் லங்காஷயர் தறிக்காரர்கள் இப்படிப் பேசிய பேச்சுக்கு 'மீ-மா' என்று பெயரே உண்டு. அண்ணாச்சி தறிப் பக்கம் போகமாட்டார்; சத்தம் ஆகாது.

பயணத்துக்கு முன் மூன்று நாள் யூடியூபில் பயிற்சி. இருபத்தாறு எழுத்தையும் ஒற்றைக் கையால் காட்டக் கற்றுக்கொண்டார். அது அமெரிக்க முறை. நம் நாட்டில் ஆங்கில எழுத்தை இரண்டு கையாலும் காட்டுவதே வழக்கம், பிரிட்டனிலும் அப்படித்தான். இந்தியச் சைகை மொழிக்கென்றே டெல்லியில் 2015-ல் ஒரு மத்திய நிறுவனம் வந்து, 2021-க்குள் 10,000 சொற்களுக்கு அகராதியும் போட்டுவிட்டது. இதைச் சொன்ன பள்ளி ஆசிரியரிடம் அண்ணாச்சி, "நீங்க தமிழ்ச் சைகைய மட்டும் சொல்லிக் குடுங்க சார். யாழ்ப்பாணத்துலயும் நம்ம தமிழ்தான?" என்றார். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் வாயால் பேசுவது ஒரே ஆங்கிலம், கையால் பேசுவது ஒருவருக்கொருவர் விளங்காத இரண்டு மொழி. அமெரிக்கச் சைகைக்கு உறவுக்கார மொழி பிரெஞ்சுச் சைகைதான், 1816-ல் லோரான் கிளேர்க் என்ற காது கேளாத ஆசிரியர் பாரிஸிலிருந்து கொண்டுபோனது. ஆசிரியர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சிக்கு ஒரு போன் வந்துவிட்டது.

பெட்டி கட்டும் படலம் தனி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருபது கிலோ. சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி நாலு பண்டல்.

"ஏங்க, அந்தப் பிள்ளைகளுக்குக் காது தான கேக்கல? காயமா பட்டிருக்கு?" என்று வீட்டம்மா கேட்டார்.

"மருத்துவ உதவின்னு ஃபிளெக்ஸ்ல போடணும்ல?"

வழியனுப்பு விழாவில் சரித்திரம் பேசினார். "அந்தக் காலத்துலயே ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் இங்கிலாந்துலருந்து வந்து பாளையங்கோட்டைல பள்ளிக்கூடம் நடத்துனாக. மேரி சாப்மன் அம்மையார் 1912-ல இலங்கையில, 1920-ல ரங்கூன்ல ஆரம்பிச்சாக. நாம பதிலுக்குப் போக வேண்டாமா?" நியாயம்தான். ஸ்வெயின்சன் ஆண்டுக்கணக்கில் தங்கினார். அந்தப் பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. அண்ணாச்சிக்கு நாலாம் நாள் ரிட்டர்ன் டிக்கெட்.

அவர் சொல்லாமல் விட்ட பெயர் ஒன்று உண்டு: ஆண்ட்ரூ ஃபாஸ்டர். பதினோரு வயதில் மூளைக்காய்ச்சலில் செவியை இழந்த கறுப்பின அமெரிக்கர். 1957-ல் கானாவுக்குப் போய், ஆப்பிரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வித்திட்டார். அவர் கொண்டுபோன அமெரிக்கச் சைகை உள்ளூர்ச் சைகைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்ற குறை உண்டு. ஆனால் அவர் வாயில் மைக் இல்லை.

மதுரையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து வடக்கே. பள்ளி வாசலில் மாலை மரியாதை முடிந்ததும் அண்ணாச்சி ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, வாயை அகலத் திறந்து, "பால்கோவா புடிக்குமா?" என்றார். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டுப் பலகையில் ஒரு மல்கோவா மாம்பழம் வரைந்து காட்டியது.

உரை நாற்பது நிமிடம். முடித்தபோது ஒரு கைத்தட்டல் இல்லை. பிள்ளைகள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். காது கேளாதோர் கைதட்டுவது அப்படித்தான். போகச் சொல்கிறார்கள் என்று நினைத்த அண்ணாச்சி முகம் வாடி, திருப்பி டாட்டா காட்டினார்.

அப்புறம்தான் அந்தப் பெயர் வந்தது. காது கேளாதவர்கள் ஒருவர் பெயரைத் தினமும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். மச்சமோ சுருட்டை முடியோ நடையோ, பளிச்சென்று படுகிற ஒன்றைப் பிடித்துப் பெயர்ச்சைகை வைப்பார்கள். வைத்தபின் மாற்றுவது கடினம். காலையிலிருந்து அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பையன், தோளில் இரண்டு கையையும் வைத்து முன்னால் ஒரு இழுப்பு இழுத்தான். பிறகு மோவாயை உயர்த்தி, கண்ணை இல்லாத கேமராப் பக்கம் திருப்பி, அசையாமல் நின்றான். கூடம் முழுக்க அதையே செய்தது.

"இது உங்கட பேர் ஐயா," என்றார் ஆசிரியை.

"என்னம்மா அர்த்தம்?"

"உங்கட சால்வையைத்தான் சொல்லுகினம்."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கம் கொடுத்த பட்டங்களில்கூட இவ்வளவு உணர்ச்சி இருந்ததில்லை. 'பொன்னாடை கொண்டார்' என்று தாமே தமிழாக்கிக்கொண்டார்.

இப்போது புதிய ஃபிளெக்ஸ் ஏறியிருக்கிறது. அதில் அண்ணாச்சியே சால்வையை இழுத்து, மோவாயை உயர்த்தி நிற்கிறார். அந்த வழியாக வந்த ஒரு இளைஞர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தையல்கடையில் காஜா எடுக்கிறவர், பிறவியிலேயே காது கேளாதவர், பைக்கை ஓரங்கட்டி நிமிர்ந்து பார்த்தார். இலங்கைச் சைகை அவருக்குத் தெரியாது. இதற்கு அகராதி தேவைப்படவில்லை. சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. பிறகு சிவகாசி நண்பரை வீடியோ அழைப்பில் பிடித்து, போனை ஃபிளெக்ஸ் பக்கம் திருப்பினார்.

சாயங்காலம் டீக்கடை வாசலில் மூன்று பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் சால்வை இழுத்துக்கொண்டிருந்தார்கள். காரில் போன அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி, பெருமிதத்தோடு தாமும் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டிவிட்டுப் போனார்.