களிம்பும் புளியும்: கம்பம் பள்ளத்தாக்கின் பழம்பொருள் அலங்காரம் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

தேனி மாவட்டத்தை அணை, ஏலக்காய், பன்னீர் திராட்சை என்று பல கோணங்களில் ஆராய்ந்தாயிற்று. ஆனால் சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ புது வீடு ஒன்றின் ஹாலுக்குள் நுழைந்தால், ஆட்டுக்கல்லின் குழிக்குள் மணிபிளான்ட் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்ற வினாவை அறிஞர்கள் இன்னும் தொடவில்லை. அக்குறையைப் போக்கும் எளிய முயற்சியே இக்கட்டுரை.

சொல்லும் வரலாறும்

பழைய பொருளை உடைக்காமல் உருக்காமல், முன்பிருந்ததைவிட உசத்தியாக்குவதற்கு மேலை நாட்டார் 'அப்சைக்கிளிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரெய்னர் பில்ஸ் என்ற ஜெர்மானியர் 1994இல் ஒரு பேட்டியில் இச்சொல்லை வழங்கினார். செயல் அதற்கு வெகு முந்தியது. 1913இல் மார்செல் டுஷாம்ப் சமையலறை ஸ்டூலின் மேல் ஒரு சைக்கிள் சக்கரத்தை நட்டுவைத்தார். 1942இல் பிக்காசோ சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஒட்டி 'காளைத் தலை' என்றார். உலகம் வியந்தது. அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி வாடிவாசல்களில் நிஜக் காளையைப் பார்த்த நம்மவர் வியப்பார்களா என்பது ஐயம்.

நம் பக்கத்தில் பழைய சேலை தொட்டிலாயிற்று. பழைய வேட்டி கரித்துணியாயிற்று. பழைய டயர் செருப்பாயிற்று. யாரும் இதற்குப் பெயர் சூட்டவில்லை. பெயர் சூட்டாததால் யாரும் இதை ஹாலில் வைக்கவுமில்லை.

பொருளின் ஐந்து பருவங்கள்

மனிதனைப் போலவே பொருளுக்கும் பருவங்கள் உண்டு. அவை அடுப்படி, கொல்லை, பரண், பழைய இரும்புக் கடை, ஹால் என ஐந்து. அடுப்படியிலிருந்து கொல்லைக்கு இறக்கியது கிரைண்டர். கொல்லையிலிருந்து பரணுக்கு ஏற்றியது எவர்சில்வர். இவ்விரண்டும் தெரிந்தவை.

ஆராயத்தக்கது நான்காம் பருவம். ஒருகாலத்தில் தெருவில் தள்ளுவண்டி வந்தால், ஓட்டை அண்டாவைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றோம். இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பஸ் ஏறிப் போய், அதே மாதிரி அண்டாவை நோட்டு நோட்டாக எண்ணிக் கொடுத்து வாங்கிவருகிறோம். இடைப்பட்ட காலத்தில் அந்த அண்டா செய்த ஒரே வேலை, சும்மா இருந்ததுதான். சும்மா இருப்பதற்கு இவ்வளவு கூலி கிடைக்கும் தொழில் இப்பள்ளத்தாக்கில் வேறொன்றும் இல்லை.

விதி 1: வேலை நின்ற நாளில்தான் பொருளுக்கு வயது தொடங்குகிறது

முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்த ஆண்டு 1895. அதை யாரும் 'ஆன்டிக்' என்று சொல்வதில்லை. காரணம், தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. கட்டிய பென்னிகுவிக்கின் படம் இங்கே எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் தொங்குகிறது. அது கறுப்பு வெள்ளைப் பழம்படம்தான். ஆனாலும் அலங்காரத்தில் சேராது. அது கும்பிடுவதற்கு. ஜனவரி 15, அவர் பிறந்தநாளன்று, அவர் பேரைச் சொல்லிப் பொங்கல் வைப்பார்கள்.

எதிர்ச் சான்று தையல் மெஷின். தலை இருக்கும்வரை அது மெஷின். தலை போய் இரும்புக் கால் மட்டும் நின்றால், மேலே ஒரு பலகை போட்டு டீப்பாய். இரண்டு நாள் உப்புத்தாள் தேய்ப்பும் ஒரு கை வார்னிஷும் போதும்.

இடையே ஒரு மறுப்பு எழலாம்: இத்தனை நாள் பாடுபட்டுப் பழையதைப் புதுப்பிக்க வேண்டுமா? மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 முடிவில் நின்று, அகலப்பாதையாகிப் போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023இல். அதற்குப் பொறுத்திருந்த மக்கள் ஒரு டீப்பாய்க்கு அவசரப்படுவது முறையன்று.

விதி 2: அழகு என்பது அரைத்த கைக்கும் பார்க்கும் கண்ணுக்கும் உள்ள தூரம்

தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி படி படியாக உளுந்து ஆட்டிய தோள்பட்டைக்கு அது கல். பேத்திக்கு அது கலை. இடையில் இருப்பது ஓர் ஐகாரமும் ஒரு கிரைண்டரும்.

கள ஆய்வு

இவ்விரு விதிகளும் ஒரே நாளில் மெய்ப்பட்ட இடம் ஆய்வாளரின் சொந்த வீடு. உடம்பெல்லாம் பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறிய ஒரு பித்தளைக் குடத்தை வாங்கிவந்தேன். "களிம்ப மட்டும் தொட்டுறாதீங்கண்ணே, வெலையே அதுக்குத்தான்" என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். ஹால் மூலையில் வைத்து, மணிபிளான்ட் சொருகி, சீரியல் லைட் சுற்றினேன்.

கோம்பையிலிருந்து அப்பத்தா வந்தார். குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏய்யா, வீட்டுல புளி கூடவா இல்ல?"

மறுநாள் காலை நான் எழுவதற்குள் காரியம் முடிந்திருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். காற்றும் ஈரமும் பட்டால் அதன் மேல் களிம்பு கட்டும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். இவ்வேதியியலை அப்பத்தா ஐம்பது வருடமாக வெள்ளி, செவ்வாய்தோறும் நிரூபித்துவருகிறார். கடைக்காரர் அறுபது வருடக் களிம்பு என்றது, ஒரு கொட்டைப்பாக்கு அளவுப் புளிக்கும் ஒரு பிடி சாம்பலுக்கும் இருபது நிமிடம் தாங்கவில்லை. குடம் பொன்னாக மின்னியது. உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தது.

"வெறுங்கொடத்த வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுய்யா" என்றார்.

விதி 1இன்படி குடத்தின் வயது அந்த நொடியே பூச்சியமாயிற்று. நான் கொடுத்த விலையும் அதனோடு போயிற்று.

முடிவும் பரிந்துரைகளும்

பழம்பொருள் அலங்காரத்தின் முதல் எதிரி துருவும் அல்ல, கரையானும் அல்ல. அந்தப் பொருளை வைத்து வேலை பார்த்தவர் இன்னும் உயிரோடு இருப்பதுதான். ஆகவே அலங்கார ஆர்வலர்கள் இரண்டை நினைவில் வைக்க வேண்டும்: பரணிலிருந்து எதையும் இறக்குமுன் அதைப் புழங்கியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கேட்க மனமில்லை என்றால் புளிப் பானையை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டையும் செய்யத் தவறினோம். சித்திரை வெயிலுக்குக் குடத்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. மணிபிளான்ட்டுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.