பேஸ்ட் தீர்ந்துபோச்சு: ஒரு வாக்கியத்தின் மீது சிற்றாய்வு

காலை ஆறரை மணிக்குக் குளியலறையிலிருந்து "பேஸ்ட் தீர்ந்துபோச்சு" என்று குரல் வந்தால், அதை அப்படியே நம்புவது ஆய்வாளனுக்கு அழகல்ல. தீர்ந்துபோச்சு என்பது இறந்தகாலம். ட்யூபுக்கோ இன்னும் உயிர் இருக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் காலம் மயங்கலாம் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் இடம் கொடுத்தார், சோம்பலுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே இது வழுவமைதி அல்ல, வழு.

ஆய்வுக் களம் என் வீடு. ஆட்கள் நால்வர். ஒரே ட்யூப் நால்வருக்கும் வெவ்வேறு தேதியில் தீர்கிறது என்பதே முதன்மைக் கண்டுபிடிப்பு. மகன் நடுவயிற்றில் ஒரு அமுக்கு அமுக்குவான். வராவிட்டால் அவனுக்குத் தீர்ந்தது. நான் கழுத்துப் பக்கம் பிதுக்கி இரண்டு நாள் ஓட்டுவேன். மனைவி அடியிலிருந்து சுருட்டி, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி இன்னும் நாலு நாள் இழுப்பாள். சப்பாத்திக்கட்டையால் உருட்டும் முறையும் பரிசோதிக்கப்பட்டது. அடுப்படியில் எழுந்த எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

வரலாறு கொஞ்சம் தேவை. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், எண்ணெய் வண்ணம் காயாமலிருக்கத் தகரத்தாலான பிதுக்குக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். பற்பசை அதற்குள் குடிபுகுந்தது பின்னால்தான். அந்த உலோக ட்யூபைச் சுருட்டினால் சுருண்டே கிடக்கும். இன்றையது பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியத் தாளும் ஒட்டிச் செய்தது. கையை எடுத்ததும் நிமிர்ந்து, நிறைய இருப்பதுபோல் நடிக்கிறது. கிளிப் தேவைப்பட்டது அதனால்தான். விளம்பரமோ பிரஷ் நீளத்துக்கும் அலையலையாக வைத்துக் காட்டுகிறது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பட்டாணி அளவு போதும் என்கிறார்கள் பல் மருத்துவர்கள். என் மகனுக்கு வயது பதினாறு, அலை வைக்கிறான்.

எல்லாரும் கைவிட்ட பிறகே அம்மாவின் காலம் தொடங்கும். கத்தரிக்கோலால் ட்யூபை இடுப்பில் வெட்டுவாள். உள்ளே சுவரெங்கும் வெள்ளை. பிரஷை விட்டு ஒரு வழி வழித்தால் ஒரு வேளைக்கு ஆயிற்று; பிறகு மேல்பாதியைக் கீழ்ப்பாதிக்குத் தொப்பி போல மாட்டி வைப்பாள், காயாதிருக்க. கழுத்து மடிப்பில்தான் சரக்கு அதிகம் என்பது அவள் முடிவு. நானும் எட்டிப் பார்த்தேன், உண்மைதான். கத்தரிக்கோலைக் கழுவும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று மகன் ஆட்சேபித்தான். அது அடிக்குறிப்பில் சேர்க்கப்பட்டது. இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு கிடையாது.

சென்ற மாதம் மகன் "தீர்ந்துபோச்சு" என்று அறிவித்தது 3ஆம் தேதி. எஞ்சிய பிசுக்கால் வெள்ளிக் குங்குமச்சிமிழைப் பளபளவென்று தேய்த்துவிட்டு அம்மா ட்யூபைக் குப்பையில் போட்டது 16ஆம் தேதி. இடையில் நால்வரும் ஒரு நாள்கூடப் பல் தேய்க்காமல் இருக்கவில்லை. புது ட்யூப் அலமாரியில் அட்டைப்பெட்டி பிரிக்காமலே இருந்தது.