எல்லாம் ஆண்டவர் படைப்புதான், ஜன்னலைச் சாத்து!

நீண்ட ஜெபம் பண்ணுகிற பெரியவர் ஒருவராவது இல்லாத கோயில் எங்கள் பக்கத்தில் கிடையாது. வானத்துக்கு ஸ்தோத்திரம், பூமிக்கு ஸ்தோத்திரம், சமுத்திரத்துக்கும் அதிலுள்ள மச்சங்களுக்கும் ஸ்தோத்திரம் என்று ஆதியாகமம் முதல் அதிகாரத்தை ஒன்றுவிடாமல் சுற்றி வருவார். ஆகாயத்துப் பறவைகளுக்கு வந்து சேரும் நேரத்தில் ஒரு வௌவால் உள்ளே நுழைந்துவிட்டால் போதும். லேவியராகமம் வௌவாலைப் பறவைப் பட்டியலில்தான் சேர்த்திருக்கிறது. ஆனாலும் ஆமென் வராமலே ஜெபம் நின்றுவிடும். "ஏல, அந்த ஜன்னலைச் சாத்து!"

இதுதான் நம் பக்தியின் நிலவரம். படைப்பு மேல் நமக்குப் பிரியம் உண்டு. அது பாட்டிலும் ஜெபத்திலும் இருந்துகொள்ள வேண்டும், உள்ளே வரக் கூடாது.

வேதாகமத்தைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அதில் வருகிற ஆட்கள் வீட்டுக்குள் தங்கியதே குறைவு. ஆதாம் தோட்டத்தில் இருந்தார். ஆபிரகாம் கூடார வாசலில் உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தார். மோசே மாமனார் வீட்டு ஆடு மேய்த்தார். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்கினார். சகேயு மரமேறினார். இயேசுவின் பிரசங்கங்கள் மலையிலும் படகிலும் கடற்கரையிலும் நடந்தன. உள்ளேயே இருந்தவர் என்று சொல்ல வேண்டுமானால் யோனாவைச் சொல்லலாம். மூன்று நாள், அதுவும் மீன் வயிற்றில்.

இப்படி வெட்டவெளியில் வளர்ந்த மார்க்கத்தை நாம் கூரைக்குக் கீழ் கொண்டுவந்து, தலைக்கு மேல் மின்விசிறி மாட்டிவிட்டோம். விசிறியின் இறக்கை ஒவ்வொன்றிலும் இன்னார் நினைவாக இன்னார் குடும்பத்தார் என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். சுற்றும்போது அதை வாசிக்க முடியாது. உபயதாரர் பெயர் தெரிய வேண்டுமென்றால் கரன்ட் போக வேண்டும். கரன்ட் போனாலோ சபையார் நினைப்பு உபயதாரர் மேல் இருக்காது.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டை ஒட்டியது. தேரி மண் இரும்புத் துருச் சத்தினால் செக்கச் செவேலென்று இருக்கும். ஆனி, ஆடிக் காற்றில் அது கிளம்பி வந்து சோற்றிலும் காதிலும் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களிலும் குடியேறும். மனிதனை மண்ணிலிருந்து உண்டாக்கினார் என்பதில் உலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வராது. ஆடி மாதத்தில் எங்களை உதறினால் இன்னொரு மனிதனுக்கு வேண்டிய மண் தேறும்.

அந்த மண்ணில் பிழைத்துக் கிடக்கிற மரம் பனை. சகேயு எரிகோவில் இருந்ததால் தப்பித்தார். காட்டத்தியில் கிளை உண்டு. எங்கள் ஊரில் பிறந்திருந்தால் பனையில்தான் ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் ஊர்வலம் போயே போயிருக்கும். எங்கள் பனையேறிகளோ அதை அனாயாசமாகச் செய்கிறார்கள். ஒரு மரத்தில் காலையும் மாலையும் ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்குவார்கள். அந்தச் சுண்ணாம்பில்தான் ஒழுக்கமே இருக்கிறது. தண்ணீர் திராட்சரசமாவதற்கு கானாவூரில் ஆண்டவர் நேரில் வர வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவ மறந்தால் போதும், மத்தியானத்துக்குள் பதநீர் தானாகவே அந்த அற்புதத்தைச் செய்துவிடும்.

பதநீர்க் காலமும் லெந்து காலமும் ஒன்றாக வருவது எங்கள் சபைக்குக் கிடைத்த தனிக் கிருபை. நாற்பது நாளும் காலைச் சாப்பாட்டை ஒறுக்கிற அண்ணாச்சி ஒருவர், ஏழு மணிக்குப் பட்டை நிறையப் பதநீர் குடித்துவிட்டு, நுங்கும் நாலைந்து போட்டுக்கொள்வார். கேட்டால், "இது ஆகாரம் இல்ல வே, இயற்கை" என்பார். இயற்கையை அவ்வளவு நெருக்கமாக நேசித்த ஆளை நான் பார்த்ததில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு எருசலேமில் பேரீச்சம் ஓலை என்றால் எங்களுக்குப் பனங்குருத்து. வெளிறிய மஞ்சளில், இன்னும் விரியாத விசிறி மடிப்போடு, பச்சை வாசம் அடித்துக்கொண்டு அது வந்து சேரும். ஓர் ஓலைக்கீற்றை ஓரமாகக் கிழித்து, நான்கு மடிப்பு மடித்து, ஒரு நுனியைச் செருகி இழுத்தால் சிலுவை. பெரியவர்கள் அதைச் செய்து முடிப்பதற்குள் பையன்கள் மிச்ச ஓலையில் வாளும் காற்றாடியும் பாம்பும் செய்துவிடுவார்கள். பவனி புறப்படும்போது முன்வரிசையில் ஓசன்னா, பின்வரிசையில் வாள் சண்டை.

ஓலைக்குப் போட்டியாகத் தோகை இருக்கிறது. சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருதரம் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் ஏற்றிக்கொண்டு வந்தன என்று 1 இராஜாக்கள் சொல்கிறது. அத்தனை சிரமம் எதற்கு? இன்றைக்கு அவர் ஒரு தகவல் சொல்லியிருந்தால் எங்கள் ஊர் விவசாயிகள் சொந்தச் செலவில் லாரி பிடித்து அனுப்பியிருப்பார்கள். 1963இல் தேசியப் பறவையான நாளிலிருந்து மயிலுக்குத் தன் அந்தஸ்து தெரிந்துவிட்டது. நெல், கடலை, மிளகாய் நாற்று எதுவும் விலக்கில்லை. அதோடு கோயில் சுற்றுச்சுவரில் ஏறி நின்றுகொள்ளும். ஐயர் பிரசங்கத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பக்திக்காக ஓர் இடைவெளி விடுவார். "உன் இருதயம் இப்போது எங்கே இருக்கிறது?" சரியாக அந்த இடைவெளியில் மயில் அகவும். பதில் சொன்ன ஒரே ஜீவன் அதுதான் என்று ஐயரே ஒருநாள் ஒப்புக்கொண்டார்.

ஒருமுறை சுற்றுச்சுவருக்கு வானம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு பாம்பு வந்தது. தடித்து, மழமழவென்று, செம்பழுப்பாக, தலைக்கும் வாலுக்கும் வித்தியாசம் தெரியாமல் இரு முனையும் மொண்ணையாக இருந்தது. அவசரமே இல்லாமல் சுருண்டு, தலையை உடம்புக்கு அடியில் மறைத்துக்கொண்டு, வாலைத் தலை மாதிரி தூக்கிக் காட்டியது. கோயில்காரர் மண்வெட்டியைத் தூக்கினார்.

"அடிக்காதிய அண்ணாச்சி! இது இருதலை மணியன். கோடி ரூபா போகும்" என்றான் கொத்தனார் பையன்.

"பாம்பு சாத்தான்லா? ஏதேன்ல என்ன செஞ்சுதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"அது வேற பாம்பு அண்ணாச்சி. இது விலை ஒசந்தது."

ஒருவர் வேதத்தை வைத்துக் கொல்லப் பார்க்கிறார். மற்றவர் விலையை வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார். இரண்டுமே தப்பு. அது மண்ணுளிப் பாம்பு. ஒரு தலைதான். விஷம் கிடையாது. எலியைத் தின்று விவசாயிக்கு உபகாரம் பண்ணும். கோடி ரூபாய் என்பது ஏமாற்றுக்காரர்கள் கட்டிய கதை. நம்பிப் பிடித்தால் வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டும். இதையெல்லாம் சொல்லியும் மண்வெட்டி இறங்கவில்லை. கடைசியில், "அண்ணாச்சி, இது மிஷனரிப் பாம்பு" என்றேன். மண்வெட்டி கீழே வந்தது.

பொய் சொல்லவில்லை. தரங்கம்பாடி மிஷனில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்று ஒரு ஜெர்மன் மிஷனரி இருந்தார். 1771இல் வந்தவர், 1813இல் இறக்கும்வரை ஊழியத்தோடு மீனும் சிப்பியும் பாம்பும் சேகரித்து ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1801இல் பாட்ரிக் ரஸ்ஸல் இந்தப் பாம்பை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது ஜான் பெயரையே வைத்தார். இன்றைக்கு அதன் பெயர் எரிக்ஸ் ஜானியை. ஏதேனுக்குப் பிறகு பாம்புக்கும் திருச்சபைக்கும் ஏற்பட்ட முதல் சமாதான உடன்படிக்கை அதுவாகத்தான் இருக்கும். அதே தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த ராட்லர் ஐயர் ஒரு கையால் தமிழ் அகராதி எழுதினார், மறு கையால் செடி கொடிகளை உலர்த்திப் பாடம் பண்ணினார். அவர்களெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காட்டுக்குப் போனவர்கள். நாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிரியாணிக்குப் போகிறவர்கள்.

காட்டுக்குப் போகவே மாட்டோம் என்று சொல்ல முடியாது. வாலிபர் ஐக்கியம் என்று ஒன்று இருக்கிறதே. அவர்களோடு நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்குப் போயிருந்தேன். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். பிறகு ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி அங்கே வருகின்றன. மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்தோடு நிற்காமல் ஊருக்குள், தெருவோர மரங்களில், வீட்டு முற்றங்களில் கூடு கட்டுகின்றன. கீழே வேட்டி காய்கிறது, மேலே நாரை எச்சமிடுகிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை. எச்சம் விழுந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளிக்கொள்கிறார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. நாங்களோ வருஷப்பிறப்பு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் பத்தாயிரம் வாலா கொளுத்தித்தான் சமாதானத்தின் தேவனை வரவேற்கிறோம்.

பறவைகள் விதைப்பதும் அறுப்பதும் இல்லை என்று இயேசு சொன்னதைக் காட்டி வேலைக்குப் போகாமல் இருக்கிற தம்பி ஒருவன் எங்கள் கூட்டத்தில் இருந்தான். அவனை ஒரு கூட்டுக்கு நேரே நிறுத்தி வைத்தேன். தாய் நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டிச் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நின்றது. அது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வெயில் தாங்காமல் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் மற்ற நாரை குளத்திலிருந்து வந்து, தொண்டையிலிருந்த மீனையெல்லாம் கூட்டில் கக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பப் பறந்தது. விதைக்கவில்லை, சரி. சும்மா இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே?

தம்பி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஓவர்டைம் பாக்குது, அண்ணே."

லண்டனில் போதகராக இருந்த ஜான் ஸ்டாட் உலகம் முழுக்கப் பிரசங்கம் பண்ணப் போன இடத்திலெல்லாம் பைனாகுலரையும் கொண்டுபோவார். பறவைகள் நமக்கு ஆசிரியர்கள் என்றே 1999இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கெல்லாம் முன்பே எரேமியா தீர்க்கதரிசி, நாரைக்குத் தன் காலம் தெரிகிறது, என் ஜனங்களுக்குத்தான் தெரியவில்லை என்ற பொருளில் அங்கலாய்த்திருக்கிறார். ஒன்பது மணி ஆராதனைக்கு ஒன்பதே முக்காலுக்கு வருகிற எங்கள் சபையை அவர் நேரில் பார்க்கவில்லை.

பறவை நேரம் தவறாது என்பதற்கு எங்கள் அசனம் சாட்சி. ஊரே சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற அந்த நாளில் சோறு வடிப்பதற்கு முன்னே காகங்கள் வந்து வேப்பமரத்தில் இடம் பிடித்துவிடும். எலியாவுக்குக் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்தன. எங்கள் அசனத்தில் அதே அளவுக்கு எடுத்துக்கொண்டு போகின்றன. கேரீத் ஆற்றங்கரையில் கொடுத்த கடனை வட்டியோடு வசூலிக்கின்றன என்றே நினைக்கிறேன். ஒரு காலத்தில் அசனச் சோற்றை ஓலைப்பெட்டியில் வாங்கிப் போவோம். இப்போது பிளாஸ்டிக் வாளி. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை வீசும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை என்று ஐயர் அறிவிப்பில் வாசித்தார். சபையார் அமைதியாகக் கேட்டார்கள், பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டே.

யோபு புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் கடைசிப் பகுதி. இத்தனை பாடு ஏன் வந்தது என்று அந்த மனிதர் அத்தனை அதிகாரங்கள் கேட்கிறார். நண்பர்கள் உட்கார்ந்து தத்துவம் பேசுகிறார்கள். ஆண்டவர் பேச ஆரம்பித்ததும் வரையாடு எப்போது ஈனுகிறது தெரியுமா, காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டது யார், தீக்குருவி முட்டையை மண்ணில் விட்டுப் போகிறதே பார்த்தாயா என்று 38ஆம் அதிகாரத்திலிருந்து நான்கு அதிகாரம் ஒரே விலங்கும் வானிலையுமாகப் போகிறது. காரணம் ஒன்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்சம் வெளியே வந்து பார் என்பதுதான் மொத்தப் பதிலும். யோபுவும் அதோடு சமாதானமாகிவிட்டார்.

இந்தத் தைரியத்தில்தான் சேகரக் கமிட்டியில் ஒரு யோசனை வைத்தேன். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளையொட்டி வருகிற ஞாயிறு ஆராதனையை வேப்பமரத்தடியில் நடத்தினால் என்ன? எல்லாருக்கும் பிடித்துவிட்டது. உடனே உபகமிட்டி போட்டார்கள். வெயிலுக்குச் சாமியானா வேண்டும் என்றார் ஒருவர். காற்றுக்கு மூன்று பக்கம் தட்டி அடைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அடைத்தால் புழுங்குமே என்று நான்கு பெடஸ்டல் ஃபேன், அதற்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டர் சத்தத்தில் ஐயர் குரல் கேட்க இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், எறும்புக்கு மருந்து. எல்லாம் எழுதி முடித்தபோது சாமியானா கட்ட வேம்பின் தாழ்ந்த கொப்பு இடைஞ்சலாக இருப்பது தெரியவந்தது. அதை வெட்டிவிடலாம் என்று தீர்மானம்.

நான் எழுந்தேன். "ஐயா, நிழலுக்காகத்தானே மரத்தடிக்குப் போறோம்? இருக்கிற நிழலை வெட்டிட்டு எதுக்கு வாடகைக்கு நிழல் எடுக்கணும்?"

கமிட்டி யோசித்தது. ஐயர் என் பக்கம் தலையசைப்பதுபோல இருந்தது. பொருளாளர் அண்ணாச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க சொல்றது வேதப்படி சரிதான். ஆனா சாமியானாக்காரன் பில்லு குடுப்பான். மரத்து நிழலை நான் எந்தக் கணக்கில எழுத?"