ஒரு டாலர் வேன்

ஆஸ்திரேலியாவுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். தென்கரையில் கூட்டம் குறையும் மாதங்கள், அதனால் உள்ளேயே படுத்துறங்கும் வசதியுள்ள கேம்பர்வேன் வாடகையும் இறங்கிவிடும். சில சமயம் நாளுக்கு ஒரு டாலருக்கே வண்டி கிடைக்கும். எங்கோ நிற்கும் வேனைக் குறித்த நாளுக்குள் கம்பெனி சொல்லும் ஊரில் கொண்டுபோய் விட வேண்டும், அவ்வளவுதான். அதாவது, டிரைவர் வேலையையும் பார்த்துவிட்டு முதலாளிக்குக் கூலியும் கொடுக்கும் ஏற்பாடு.

மெல்பர்ன் பக்கம் ஜூனில் ஐந்து மணி தாண்டினால் இருட்டு. மலிவு வேனில் ஹீட்டர் இருக்காது. இரவெல்லாம் இருவர் விட்ட மூச்சு கண்ணாடியில் நீராகி, விடியற்காலையில் தலையணையில் சொட்டும். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் மழை.

காசை மிச்சம் பிடிக்கக் கடலோரக் கார் நிறுத்தத்தில் படுத்தால், பல ஊர்களில் காலையில் அபராதச் சீட்டு காத்திருக்கும்.

இந்தத் தென்கரையை ஒட்டி ஓடும் கிரேட் ஓஷன் ரோடு சுமார் 240 கி.மீ. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை மலையை வெட்டிப் போட்ட சாலை. அதன் பெருமை, கடலுக்குள் நிற்கும் ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ என்ற பாறைத் தூண்கள். இருந்தவை ஒன்பது, 2005 ஜூலையில் ஒன்று சரிந்து எட்டானது. பெயரில் மட்டும் இன்றுவரை பன்னிரண்டு குறையவில்லை. எண்ணிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.