யோசியாதேங்கோ அண்ணை

கொந்தறாத்துக்காரத் தம்பிக்கு வயது நாற்பதும் இருக்கலாம், ஐம்பத்தைந்தும் இருக்கலாம். எந்த வயதிலும் அவர் தம்பிதான். சேட்டுப் பையில் பேனை இருக்கும், எழுதமாட்டார். இடுப்பில் அளவு நாடா இருக்கும், அளக்கமாட்டார். சுவரை ஒருதரம் பார்ப்பார், கண்ணைச் சுருக்குவார், தொகையைச் சொல்வார். கோண்டாவிலில் இருக்கிறார், கரவெட்டியில் இருக்கிறார், பண்ணைப் பாலம் கடந்து வேலணைக்குப் போனால் அங்கேயும் இருக்கிறார். போன இடமெல்லாம் அவருடைய வேலை ஒன்று பாதியில் நிற்கும்.

அவரைக் கூப்பிடும் சந்தர்ப்பம் பெரும்பாலும் ஒன்றுதான். கனடாவிலிருந்து மகள் குடும்பமாக வருகிறாள். பேரப்பிள்ளைகள் கிணற்றடிக்கு நடந்து போய்க் குளிக்கமாட்டார்கள். பாட்டன் கட்டிய வீட்டின் பின் விறாந்தையை இடித்து, அறையோடு சேர்த்து ஒரு பாத்றூம் கட்டவேண்டும். அதுவும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம்.

"எப்ப தம்பி முடியும்?"

"யோசியாதேங்கோ அண்ணை. அரைவாசிக் காசைத் தாங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

காசு கைமாறிய அடுத்த நாளே ஒரு லோட் மணல் படலையடியில் இறங்கும். கல்லும் சல்லியும் வரும். இரண்டு மேசன்மார் வந்து விறாந்தையை ஒரே பகலில் தரைமட்டமாக்கிவிடுவார்கள். இடிக்கிற வேலையில் தம்பியைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். இடித்த வீட்டுக்காரன் எங்கேயும் ஓடமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். வேறு மேசனைக் கூட்டிவந்தால், "இது இன்னொருத்தன்ர வேலையெல்லோ" என்று வந்தவர் சுவரைத் தொடவே தயங்குவார்.

காசு எங்கே போனது? உங்கள் காசு இப்போது உரும்பிராயில் யாருக்கோ பிளேட் போட்டுக்கொண்டிருக்கிறது. உரும்பிராய்க்காரருடைய காசு அதற்கு முன்பே சுன்னாகத்தில் மதிலாகிவிட்டது. உங்கள் பாத்றூம் எழும்பவேண்டுமானால் தம்பிக்கு இன்னொரு ஊரில் இன்னொரு அண்ணை அகப்படவேண்டும். அவரைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கள்ளன் என்றால் எங்கேயாவது காசு சேர்ந்திருக்கவேண்டுமே. தம்பியின் சொந்த வீட்டுக்கு இன்னும் வெளிப்பூச்சுப் பூசவில்லை.

போன் எடுத்தால் ஐந்தாவது தரம் பதில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அதை நம்பலாம். திருவெம்பாவைக்கு மேசன்மார் விரதம். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழாக்கள். மழையும் இல்லை, திருவிழாவும் இல்லை என்றால் மணல் பெர்மிற் கிடைக்கவில்லை. மகளுக்கு மட்டும் வட்ஸ்அப்பில் படங்கள் ஒழுங்காகப் போகும். ஒரே சுவரை இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று. எடுக்கமுதல் வாளித் தண்ணீர் அடித்து நனைத்தும்விடுவார், நேற்றுப் பூசியதுபோலத் தெரிய. ரொறன்ரோவில் அதைப் பார்த்தவள், "அப்பா, வேலை நல்லாப் போகுது, மிச்சக் காசையும் குடுத்துவிடுங்கோ" என்பாள்.

விலையைப் பற்றி அவரோடு பேசவே கூடாது. 2021 கடைசியில் 1,500 ரூபாய்க்குள் நின்ற 50 கிலோச் சீமெந்துப் பை 2022 நடுப்பகுதியில் 3,000 ரூபாயை எட்டியது. அந்த வருசம் பேசிய தொகைக்குள் வேலை முடிக்க எந்தக் கொந்தறாத்துக்காரராலும் முடிந்திராது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு விலை இறங்கியதே, அது மட்டும் தம்பியின் காதுக்கு இன்னும் எட்டவில்லை. சுவரில் வெடிப்பைக் காட்டினாலும் பதில் தயார். "காங்கேசன்துறைச் சீமெந்து எண்டால் இப்பிடி வராது அண்ணை." காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990இலேயே நின்றுபோனது. அப்போது தம்பி சிரட்டையில் மண்சோறு சமைத்துக்கொண்டிருந்திருப்பார்.

ஒருவாறாக வேலை முடிகிறமாதிரி வரும்போதுதான் உண்மையான கூத்துத் தொடங்கும். தம்பி ஒரு சீ.ஆர். கொப்பியோடு வருவார். உள்ளே கணக்கு அவருடைய மகளின் உருண்டைக் கையெழுத்தில், சிவப்பு மையால் கோடு போட்டு, அழகாக இருக்கும். பூச்சுக் கூலியைப் பார்த்தால் யன்னல்களைக் கழிக்கவில்லை.

"தம்பி, யன்னலுக்கும் பூச்சுக் காசோ? அதிலை ஓட்டையெல்லோ கிடக்கு?"

"ஓட்டைக்கு ஆரண்ணை காசு கேட்டது? ஓட்டையைச் சுத்தி ஓரம் பிடிக்கிறதுதான் வேலையே. வெறுஞ்சுவரைச் சின்னப்பிள்ளையும் பூசும்."

இதில் ஞாயம் இல்லாமலும் இல்லை. ஓரம் பிடிப்பது மினக்கெட்ட வேலைதான். ஆனால் கழிக்கிறதா, விடுகிறதா என்பதை முதல்நாளே பேசியிருக்கவேண்டும். அன்றைக்குப் பேசியது தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்பதைத்தான்.

அடுத்த பக்கத்தின் தலைப்பு "எக்ஸ்ரா". தண்ணீர்த் தாங்கிக்கு மேடை, குந்து உயர்த்தியது, குசினியில் ஒரு தட்டு. "இதெல்லாம் ஆர் சொன்னது?" என்று நீங்கள் கேட்பீர்கள். தம்பி குரலைத் தாழ்த்தி, "அக்காதான் சொன்னவ" என்பார். அந்தக் கணத்தோடு பிணக்கு உங்களுக்கும் மனைவிக்கும் இடையிலானதாகிவிடும். தம்பி ரைல்ஸ் பெட்டியின் மேல் குந்திக்கொண்டு இருவரையும் சமாதானப்படுத்துவார்.

பொலிசுக்குப் போனால் இது சிவில் விசயம் என்பார்கள். மிஞ்சியிருப்பது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. குறித்த தொகைக்கு உட்பட்ட காசுப் பிணக்கென்றால் நீதிமன்றத்துக்கு முன் அங்கேதான் போகவேண்டும். சட்டத்தரணி தேவையில்லை. சபைக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் இல்லை, இரண்டு பகுதியையும் இணங்க வைக்கலாம், அவ்வளவுதான். இணங்குவதில் நம்முடைய தம்பியை வெல்ல ஆள் கிடையாது. வெள்ளைச் சேட்டும் திருநீறுமாக வந்து, சொன்னதற்கெல்லாம் "ஓம் ஐயா" என்பார். மத்தியஸ்தர்கள் மனம் இளகி உங்களைத்தான் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். திரும்பி வரும்போது, "அண்ணை, வாறவழியிலை என்னைச் சந்தியிலை இறக்கிவிடுங்கோ" என்று உங்கள் மோட்டார் சைக்கிளிலேயே ஏறுவார். நீங்களும் ஏற்றுவீர்கள். அவர் மச்சாள் வழியில் உங்களுக்குச் சொந்தம்.

தம்பிக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்று உண்டு. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கொடுத்தார்கள். காசு வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வந்தது, அதுவும் வேலை எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று வந்து பார்த்தபிறகு, கட்டம் கட்டமாக. "அந்த வேலையிலை ஒரு சுகமுமில்லை அண்ணை" என்று இன்றைக்கும் சலித்துக்கொள்வார். அவர் சலித்துக்கொள்வதை அப்படியே செய்யுங்கள். அத்திவாரம் முடிய ஒரு பங்கு, சுவர் எழும்ப ஒரு பங்கு, கூரைக்கு ஒரு பங்கு. கடைசிப் பங்கைக் குழாயில் தண்ணீர் வந்தபிறகு கொடுங்கள். யன்னல் கழிப்பதும், எக்ஸ்ராவை யார் சொல்லலாம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். கையெழுத்துக் கேட்டால் "எங்களுக்குள்ளை என்னண்ணை எழுத்து?" என்று முகம் வாடுவார். வாடட்டும்.

1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுதிய ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப்போட ஆறு வருசம் உண்டு. எழுதாத பேச்சுக்கு மூன்று வருசம்தான். பாத்றூம் வேலை மூன்று வருசத்துக்குள் முடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் எழுதாமல் விடலாம்.